டெல்லிப் புகையும் பஞ்சாப் பம்பு செட்டும்: ஒரு சமூகச் சிக்கலை அமைப்பாகப் பார்ப்பது எப்படி?

கேள்வி இதுதான்: “சிக்கலான சமூகப் பிரச்சினைகளுக்கு ‘சிஸ்டம்ஸ் திங்கிங்’தான் வழி என்கிறார்கள். வகுப்பில் வட்டமும் அம்புக்குறியும் போட்டுக் காட்டுகிறார்கள். நிஜமான ஒரு பிரச்சினையில் இது எப்படி வேலை செய்யும்? தீர்வு வரைக்கும் போகுமா?”

புரிந்துகொள்ள நிச்சயம் உதவும். தீர்ப்பதற்கு உதவுமா என்றால், பாதி தூரம் கூட்டிப்போகும். மீதியை அரசியலும் பணமும் பொறுமையும்தான் செய்ய வேண்டும். இதைப் பொதுவாகப் பேசினால் எல்லாரும் தலையாட்டுவோம், ஒன்றும் பிடிபடாது. அதனால் ஒரே ஒரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு அடிவரை போய்ப் பார்க்கலாம். ஆண்டுதோறும் அக்டோபர் கடைசியில் பஞ்சாப், ஹரியானா வயல்களில் வைக்கப்படும் தீயையும் நவம்பரில் டெல்லியை மூடும் புகையையும் எடுத்துக்கொள்கிறேன். செய்தியில் வருஷா வருஷம் பார்க்கிறோம், கொஞ்ச நாள் கோபப்படுகிறோம், டிசம்பரில் மறந்துவிடுகிறோம்.

முதலில் இந்த அமைப்புச் சிந்தனை, அதாவது துண்டுகளைத் தனித்தனியாகப் பார்க்காமல் அவை ஒன்றையொன்று எப்படி மாற்றுகின்றன என்று பார்ப்பது, எங்கிருந்து வந்தது என்று இரண்டு வரி. 1950களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜே ஃபாரஸ்டர் என்ற பொறியாளர் இருந்தார். கென்டக்கியில் இருந்த ஜெனரல் எலக்ட்ரிக் ஆலையில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஆள் போதாமல் திண்டாடுவதும், பிறகு ஆட்களை வீட்டுக்கு அனுப்புவதுமாக இருந்தது. சந்தை ஏறி இறங்குவதால்தான் என்று எல்லாரும் நினைத்தார்கள். ஃபாரஸ்டர் தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். வெளியிலிருந்து எந்த ஆட்டமும் இல்லாவிட்டாலும், ஆலைக்குள்ளேயே ஆள் எடுப்பதும் சரக்கு இருப்பு வைப்பதும் பற்றி எடுக்கும் முடிவுகளே அந்த ஏற்ற இறக்கத்தை உண்டாக்கிவிடும் என்று தெரிந்தது. ஒவ்வொரு முடிவும் தனியாகப் பார்த்தால் நியாயமானது. சேர்ந்தபோது யாரும் விரும்பாத ஒன்று விளைந்தது. இந்தத் துறையின் அடிப்படைக் கண்டுபிடிப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதை விரித்துச் சொல்வது.

இப்போது பஞ்சாபுக்குப் போவோம்.

தமிழ்நாட்டில் வயலைப் பார்த்து வளர்ந்தவருக்கு முதல் சந்தேகம் இங்கேயே வரும். வைக்கோலை யாராவது கொளுத்துவார்களா? அது மாட்டுத் தீவனமாயிற்றே, போர் போட்டு வைப்பதாயிற்றே. பஞ்சாபில் மாட்டுக்குப் போடுவது கோதுமை வைக்கோல்; தூடி என்பார்கள். பாஸ்மதி அல்லாத நெல்லின் வைக்கோலில் சிலிக்கா அதிகம் என்று அங்கே அதைத் தீவனமாக மதிப்பதில்லை. அதற்குப் பெயர் பராலி. ஆண்டுக்குச் சுமார் 2 கோடி டன் பராலி பஞ்சாபில் மட்டும் சேருகிறது. அறுவடை இயந்திரம் கதிரை மட்டும் அறுத்துக்கொண்டு, முழங்கால் உயரத்துக்குத் தாளை நிற்கவிட்டுவிட்டு, மீதி வைக்கோலை வரிசையாகக் கொட்டிக்கொண்டு போகும். அந்த வயலில்தான் அடுத்த சில நாட்களில் கோதுமை விதைக்க வேண்டும்.

அந்த விவசாயியின் நாட்காட்டியைக் கொஞ்சம் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். மே மாதம் நாற்றங்கால். ஜூன் நடுவில் நடவு. பல ஆண்டுகள் அவர் விரும்பி நட்ட ரகம் பூசா-44; விதைத்ததிலிருந்து அறுவடைக்கு 155, 160 நாட்கள் எடுக்கும், ஆனால் மகசூல் அள்ளித் தரும். கணக்குப் போட்டால் கதிர் முற்றுவது அக்டோபர் மூன்றாம் வாரம். நெல்லில் ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல் இருந்தால் மண்டியில் எடுக்க மாட்டார்கள். டெல்டாவில் நேரடிக் கொள்முதல் நிலைய வாசலில் குவியலுக்குப் பக்கத்தில் படுத்துக் காத்திருந்தவர்களுக்கு இந்த 17 நன்றாகத் தெரியும். ஆக, காய்ந்த பிறகுதான் அறுக்க முடியும். அந்தப் பக்கம் கோதுமையை நவம்பர் நடுவுக்குள் விதைத்துவிட வேண்டும். தாண்டினால் ஒவ்வொரு வாரத்துக்கும் மகசூல் குறையும், மார்ச் வெயிலில் மணி சுருங்கும். நடுவில் கிடைப்பது இரண்டு, மூன்று வாரம். அதற்குள் ஏக்கருக்கு இரண்டரை டன் அளவு வைக்கோலை அகற்ற வேண்டும். டிராக்டரால் மடக்கி உழுதால் பல சால் ஓட்ட வேண்டும், டீசல் செலவு. வைக்கோல் கட்டும் மெஷினுக்குச் சொல்லிவைத்தால் ஊரே அதற்காக வரிசையில் நிற்கிறது. தீப்பெட்டி இரண்டு ரூபாய்.

அவருடைய இடத்தில் நின்று பார்த்தால் தீ வைப்பதுதான் கைக்கு எட்டும் ஒரே வழியாகத் தெரிகிறது. அந்தப் புகையை முதலில் சுவாசிப்பதும் அவருடைய வீட்டுக் குழந்தைகளும் வயதானவர்களும்தான். டெல்லிக்கு அது பிறகுதான் போய்ச் சேர்கிறது. இது தெரியாமல் அவர் கொளுத்துவதில்லை.

சரி, நடவை ஏன் ஜூன் நடுவில் செய்ய வேண்டும்? மே மாதமே நட்டிருந்தால் அக்டோபர் தொடக்கத்தில் வயல் காலியாகி இருக்குமே? முன்பு அப்படித்தான் நட்டார்கள். 2009-இல் பஞ்சாப் அரசு நிலத்தடி நீரைக் காக்க ஒரு சட்டம் கொண்டுவந்தது. மே 10-க்கு முன் நாற்று விடக்கூடாது, ஜூன் 10-க்கு முன் நடக்கூடாது. மீறினால் ஹெக்டேருக்கு 10,000 ரூபாய் அபராதம். மே மாத அனலில் வயலில் தண்ணீர் தேக்கினால் பெரும்பகுதி ஆவியாகிவிடும். பருவமழையை ஒட்டி நட்டால் அவ்வளவு நீர் இறைக்க வேண்டாம். நல்ல நோக்கம், நல்ல அறிவியல். ஹரியானாவும் அதே ஆண்டு இதே மாதிரிச் சட்டம் போட்டது. 2018-இல் பஞ்சாபில் தேதி ஜூன் 20 வரை தள்ளிப்போனது.

நடவு தள்ளினால் அறுவடை தள்ளும். அறுவடை தள்ளினால் தீ வைக்கும் நாட்கள் அக்டோபர் கடைசிக்கும் நவம்பர் தொடக்கத்துக்கும் வந்து குவியும். அப்போதுதான் வட இந்தியச் சமவெளியில் காற்றின் வேகம் குறைகிறது, குளிர்ந்த காற்று தரையோடு படிகிறது, வடமேற்கிலிருந்து வீசுவது டெல்லிப் பக்கம் போகிறது. 2019-இல் வெளியான ஓர் ஆய்வு இதை அளந்து காட்டியது: தள்ளிப்போன நடவால் எரிப்பின் உச்சம் நவம்பரில் சுமார் 39 சதவீதம் கூடியது, நுண்துகள் மாசு 29 சதவீதம் வரை கூடியது. தண்ணீரைக் காக்கப் போட்ட சட்டம் காற்றைக் கெடுத்தது. இரண்டு துறைகளிலும் யாரும் தவறு செய்யவில்லை. தண்ணீர்த் துறையின் கோப்பில் புகை என்ற பத்தியே கிடையாது.

2025-இல் தேதியை மறுபடி முன்னே இழுத்து ஜூன் 1 ஆக்கினார்கள். உடனே நிலத்தடி நீர் என்ன ஆகும் என்று வேளாண் விஞ்ஞானிகள் கவலைப்பட்டார்கள். கயிற்றை இந்தப் பக்கம் இழுத்தால் தண்ணீர், அந்தப் பக்கம் இழுத்தால் புகை. தேதியை மட்டும் நகர்த்திக்கொண்டே இருந்தால் இதிலிருந்து வெளியே வர முடியாது.

அப்படியானால் அடுத்த கேள்வி: நிலத்தடி நீர் ஏன் இப்படிப் போயிற்று? ஆண்டுக்கு 100 பங்கு இறைக்கலாம் என்றால் பஞ்சாப் 150-க்கு மேல் இறைக்கிறது. 1970-71-இல் அந்த மாநிலத்தில் 2 லட்சத்துக்கும் குறைவாக இருந்த ஆழ்துளைக் கிணறுகள் இன்று 14 லட்சத்தைத் தாண்டிவிட்டன. விவசாய மின்சாரம் 1997-இல் இலவசமானது. நடுவில் சில ஆண்டுகள் தவிர இன்றுவரை இலவசம். தமிழ்நாட்டு வாசகருக்கு இந்தக் கதையை விளக்க வேண்டியதில்லை.

இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க வேண்டும், ஏனென்றால் மொத்தக் கதையின் முடிச்சு இங்கேதான் இருக்கிறது. பழைய பம்பு செட்டு தரையில் உட்கார்ந்து நீரை உறிஞ்சும். ஏழெட்டு மீட்டருக்குக் கீழே நீர் இறங்கிவிட்டால் அதனால் உறிஞ்ச முடியாது. விவசாயிகள் குழி தோண்டி மோட்டாரைக் குழிக்குள் இறக்கினார்கள். நீர் மேலும் இறங்கியது, குழியும் ஆழமானது. ஒரு கட்டத்தில் அதுவும் முடியாமல் நீர்மூழ்கி மோட்டாருக்கு மாறினார்கள். அதற்குப் புது ஆழ்துளை, புதுக் குழாய், அதிக குதிரைத் திறன், லட்சக் கணக்கில் செலவு. கையில் பணம் இல்லாதவர் கடன் வாங்கினார். கடன் வாங்கியவருக்கு அடுத்த போகத்தில் நிச்சயமான வருமானம் வேண்டும். பஞ்சாபில் நிச்சயமாக விற்கும் பயிர் நெல். எனவே அவர் நெல்லை விட முடியாது. நெல் நட்டால் நீர் மேலும் இறங்கும். நீர் இறங்க இறங்க, நீரைக் குடிக்கும் பயிரோடு அவர் இன்னும் இறுக்கமாகக் கட்டப்படுகிறார். ஓரளவு வசதியுள்ளவர் இன்னும் ஆழம் போகிறார்; சிறு விவசாயியின் பழைய மோட்டார் காற்றைத்தான் உறிஞ்சுகிறது.

வகுப்பில் வட்டம் போட்டு ‘தன்னைத் தானே வலுப்படுத்தும் சுழல்’ என்று எழுதியிருப்பார்களே, அது இதுதான். தண்ணீர் குறைந்தால் மக்கள் தானாகவே தண்ணீர் குறைவான பயிருக்கு மாறிவிடுவார்கள் என்று நினைப்போம். இங்கே நேர்மாறாக நடக்கிறது. அம்புக்குறி போட்டுப் பார்க்காதவரை இது கண்ணில் படாது.

நெல் ஏன் நிச்சயமாக விற்கிறது? குறைந்தபட்ச ஆதரவு விலை இருபதுக்கும் மேற்பட்ட பயிர்களுக்கு அறிவிக்கப்படுகிறது. ஆனால் பஞ்சாப் மண்டியில் அந்த விலைக்கு அரசு முழுமையாக வாங்குவது நெல்லும் கோதுமையும்தான். மக்காச்சோளத்துக்கும் பயறுக்கும் விலை காகிதத்தில் இருக்கும். வாங்க ஆள் இருக்காது. 1960-61-இல் பஞ்சாபில் நெல் பயிரான பரப்பு 2.27 லட்சம் ஹெக்டேர். இப்போது 30 லட்சத்துக்கும் மேல். இத்தனைக்கும் பஞ்சாபியர்களின் தட்டில் சோறு முக்கிய உணவு இல்லை. அரிசி மத்தியத் தொகுப்புக்குப் போய், அங்கிருந்து ரயிலேறிப் பற்றாக்குறை மாநிலங்களின் ரேஷன் கடைகளுக்குப் போகிறது. ஒரு கிலோ அரிசியோடு பஞ்சாபின் மூவாயிரம் லிட்டருக்கும் அதிகமான தண்ணீரும் சேர்ந்துதான் வெளியே போகிறது.

இந்தக் கொள்முதல் ஏற்பாடு எங்கே தொடங்கியது தெரியுமா? இந்திய உணவுக் கழகம் 1965 ஜனவரி 14 அன்று, பொங்கல் நாளில், சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. அதன் முதல் மாவட்ட அலுவலகம் தஞ்சாவூரில். அப்போது மத்திய வேளாண் அமைச்சர் சி. சுப்பிரமணியம். அடுத்தடுத்து இரண்டு ஆண்டு வறட்சி, அமெரிக்கக் கப்பலில் கோதுமை வந்தால்தான் சாப்பாடு என்ற நிலை. 1966-இல் மெக்சிகோவிலிருந்து 18,000 டன் குட்டை ரகக் கோதுமை விதை வந்து இறங்கியது. நல்ல விதை, உரம், பாசனம், விளைந்ததை நிச்சயமாக வாங்கிக்கொள்ளும் அரசு என்று எல்லாம் ஒன்றுக்கொன்று கைகொடுத்தன. நாட்டின் பசி தீர்ந்தது. இதைக் குறை சொல்பவர்கள் அந்தக் காலத்து ரேஷன் வரிசையை நினைத்துப் பார்க்க வேண்டும். அதே சமயம், அந்தத் திட்டத்தின் முன்னணியில் நின்ற எம்.எஸ். சுவாமிநாதனே 1968 ஜனவரியில் வாரணாசி அறிவியல் மாநாட்டில் எச்சரித்தார்: மண் வளத்தைப் பேணாமல் தீவிரமாகப் பயிரிட்டால், நிலத்தடி நீரை முறையில்லாமல் உறிஞ்சினால், பிற்பாடு பெரும் ஆபத்து வரும் என்று. திட்டத்தை உருவாக்கியவருக்கே அதன் மறுபக்கம் தெரிந்திருந்தது. ஆனால் எச்சரிக்கைக்கும் விளைவுக்கும் நடுவில் முப்பது நாற்பது ஆண்டு இடைவெளி. இப்படி நீண்ட தாமதம் இருக்கும் இடத்தில் எந்த அரசுக்கும் அவசரம் தோன்றாது. வேளாண் பொருளாதார அறிஞர் எஸ்.எஸ். ஜோல் தலைமையிலான குழு 1986-இலேயே நெல், கோதுமைப் பரப்பில் ஐந்தில் ஒரு பங்கை வேறு பயிர்களுக்கு மாற்றச் சொன்னது. அதற்குப் பிறகும் நெல் பரப்பு கூடிக்கொண்டுதான் போனது.

பின்னோக்கி நடந்து வந்த பாதையைப் பாருங்கள். புகைக்குக் காரணம் தீ. தீ என்பது குறுகிய அவகாசத்துக்கு விவசாயி கண்ட தீர்வு. அவகாசம் குறுகியது நீரைக் காக்க அரசு கண்ட தீர்வால். நீர் போனது விவசாயியின் செலவைக் குறைக்க அரசியல் கண்ட தீர்வால். நெல் வந்தது பசிக்கு நாடு கண்ட தீர்வால். அமைப்புச் சிந்தனை எனக்குச் சொல்லிக்கொடுத்த ஒரே கேள்வியைச் சொல்லச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்: இன்று பிரச்சினையாகத் தெரிவது நேற்று எதற்கு, யாருக்குத் தீர்வாக இருந்தது? அந்தத் தேவை இன்னும் இருக்கிறதா? பசியைப் பொறுத்தவரை, நாட்டின் அரிசிக் கையிருப்பு விதிமுறை கேட்பதைவிடப் பல மடங்கு இருக்கிறது. ‘போதும்’ என்ற செய்தி மண்டிக்கு வந்து சேரும் வழி அமைப்புக்குள் எங்கேயும் வைக்கப்படவில்லை. விவசாயியின் பாதுகாப்பைப் பொறுத்தவரையோ தேவை அப்படியே இருக்கிறது, கூடியும் இருக்கிறது. முதலாவதை மட்டும் பார்த்து ‘கொள்முதலைக் குறை’ என்பவர் இரண்டாவதில் போய் முட்டிக்கொள்வார்.

2020-இல் அது நடந்தது. மண்டிக்கு வெளியேயும் தனியார் வாங்கலாம் என்பது உள்ளிட்ட மூன்று வேளாண் சட்டங்கள் செப்டம்பரில் வந்தன. டெல்லி எல்லையில் ஓர் ஆண்டுக்கு மேல் விவசாயிகள் உட்கார்ந்தார்கள். 2021 நவம்பரில் சட்டங்களைத் திரும்பப் பெறுவதாகப் பிரதமர் அறிவித்தார். அந்தச் சட்டங்களில் ஆதரவு விலையை எடுக்கிறோம் என்று எங்கேயும் எழுதவில்லை என்று அரசு சொன்னது உண்மை. ஆனாலும் மண்டி தேய்ந்தால் கொள்முதலும் ஒருநாள் தேயும் என்று விவசாயிகள் பயந்தார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது என்பது என் கருத்து. அதே சமயத்தில் டெல்லி வட்டாரக் காற்றுத் தர ஆணையத்துக்கான அவசரச் சட்டம் வேறு, மீறினால் ஐந்தாண்டு சிறை, ஒரு கோடி ரூபாய் அபராதம் என்று மிரட்டியது. அதிலிருந்து விவசாயிகளுக்கு விலக்கு வேண்டும் என்பதும் போராட்டத்தின் கோரிக்கையானது, அரசு இறங்கிவந்தது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொள்வது: நம்பிக்கையும் ஓர் இருப்புதான். நிலத்தடி நீர் மாதிரியே மெதுவாக ஊறும், வேகமாக வற்றும். வரைபடத்தில் நீர், மின்சாரம், நெல், புகை எல்லாவற்றுக்கும் கட்டம் போடுகிறவர்கள் இதற்குக் கட்டம் போட மறந்துவிடுகிறார்கள். இதற்குச் சான்றும் உண்டு. 2019-இல் பஞ்சாப் கிராமங்களில் ஒரு சோதனை நடத்தினார்கள். ஒரு பகுதி விவசாயிகளிடம், கொளுத்தாமல் இருந்தால் பிறகு பணம் தருகிறோம் என்றார்கள். இன்னொரு பகுதியினருக்குப் பணத்தில் கொஞ்சத்தை நிபந்தனை இல்லாமல் முன்கூட்டியே கொடுத்துவிட்டு, மீதியைப் பிறகு தருகிறோம் என்றார்கள். ‘பிறகு தருகிறோம்’ என்பது மட்டும் எரிப்பைக் குறைக்கவில்லை. முன்பணம் வாங்கியவர்களிடையே குறைந்தது. கையில் காசில்லாத நேரத்தில் காசு வந்ததும் ஒரு காரணம். இன்னொன்று, ‘பிறகு தருகிறோம்’ என்ற வாக்குறுதி காசாகும் என்ற நம்பிக்கை குறைவாக இருந்தது.

புகை தெரியும் இடத்தில் செய்த மற்ற தலையீடுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 2018 முதல் இயந்திரங்களுக்கு மானியம்: தனி விவசாயிக்குப் பாதி விலை, கூட்டுறவுகளுக்கு 80 சதவீதம். பஞ்சாபுக்கு மட்டும் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இயந்திரங்கள் வந்தன. தாள் நிற்கும் வயலிலேயே கோதுமையை விதைக்கும் ‘ஹேப்பி சீடர்’ அருமையான கருவிதான். ஆனால் ஆண்டுக்கு மூன்று வாரம் ஓடிவிட்டு மீதி நாள் கொட்டகையில் நிற்கும். அதை இழுக்கப் பெரிய டிராக்டர் வேண்டும். அபராதமும் போட்டார்கள், 2024 நவம்பரில் அது இரட்டிப்பாகி, ஐந்து ஏக்கருக்கு மேல் வைத்திருப்பவருக்கு 30,000 ரூபாய் ஆனது. நில ஆவணத்தில் சிவப்பு மையில் குறித்தார்கள்.

விதையில் கைவைத்தது இவற்றைவிடப் புத்திசாலித்தனமானது. பஞ்சாப் வேளாண் பல்கலைக்கழகத்தின் பி.ஆர்-126 ரகம், நட்டு மூன்று மாதத்தில் அறுவடைக்கு வந்துவிடும். தண்ணீரும் மிச்சம், அவகாசமும் கூடும். பூசா-44-ஐ நிறுத்துவதாக 2023-இல் அரசு அறிவித்தது. ஒரே அம்பில் இரண்டு சுழல்களைத் தொட்ட தலையீடு இது, அதனால் எனக்குப் பிடித்ததும்கூட. ஆனால் 2024-இல் அரைவை ஆலைக்காரர்கள் முறுக்கிக்கொண்டார்கள். நெல்லுக்கு 67 சதவீதம் அரிசி திருப்பித் தர வேண்டும் என்பது உணவுக் கழகத்தின் விதி. இந்த ரகத்தில் நொய் அதிகம், அவ்வளவு வராது என்றார்கள். மண்டியில் நெல் தேங்கியது. விதையை மாற்றியவர்கள் ஆலைக்காரரைப் படத்துக்குள் கொண்டுவரவில்லை. பெரிய தவறு என்று சொல்ல மாட்டேன். எந்தப் படமும் முதல் தடவையே முழுதாக வராது. தொட்டுப் பார்த்தால்தான் எந்த நூல் எங்கே கட்டியிருக்கிறது என்று தெரியும்.

சரி, தீ குறைந்ததா? செயற்கைக்கோள் கணக்குப்படி பஞ்சாபில் 2020 பருவத்தில் 83,002 தீ நிகழ்வுகள், 2023-இல் 36,663, 2024-இல் 10,909. அபாரமான சரிவு. ஆனால் இந்தக் கணக்கைத் தரும் முக்கியச் செயற்கைக்கோள்கள் பகலில் பிற்பகல் ஒன்றரை மணி வாக்கில்தான் அந்தப் பகுதியைக் கடக்கின்றன. ஒரே இடத்தைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கும் வேறு செயற்கைக்கோளின் படங்களை வைத்து, எரிப்பு மாலைக்குத் தள்ளிப்போயிருக்கிறது என்று 2024-இல் விஞ்ஞானிகள் சுட்டிக்காட்டினார்கள். ஒரு பகுதி உண்மையான குறைவு, ஒரு பகுதி கண்ணுக்குத் தப்பியது. அபராதம் எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருக்கும்போது, எண்ணப்படும் நேரத்தைத் தவிர்க்க எல்லாருமே கற்றுக்கொள்வார்கள். அளவுகோலும் அமைப்புக்குள்தான் இருக்கிறது.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தீ எண்ணிக்கை அவ்வளவு குறைந்த அதே 2024-இல், நவம்பர் 18 அன்று டெல்லியின் காற்றுத் தரக் குறியீடு (500 வரை போகும்; கூடினால் மோசம்) 494-ஐத் தொட்டது. பராலிப் புகை சில நாட்களில் டெல்லியின் மாசில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டும். ஆண்டு முழுக்கக் கணக்கிட்டால் சிறிய பங்குதான். மீதி வாகனம், கட்டுமானத் தூசி, குப்பை எரிப்பு, ஆலைகள், அனல் மின் நிலையங்கள். பிரச்சினைக்கு எல்லை எங்கே போடுகிறோமோ அங்கேதான் குற்றவாளியும் கிடைப்பார். டெல்லிக்காரர் எல்லையைப் பஞ்சாபில் போடுகிறார், பஞ்சாபியர் டெல்லியின் காரில் போடுகிறார். இரண்டு பக்கமும் எல்லையைத் தூரத்தில் போட்டால் தாங்கள் எதையும் மாற்ற வேண்டியதில்லை.

நெம்புகோலை எங்கே வைக்கலாம்? என் பார்வையில் கொள்முதலில்தான்; ஆனால் குறைப்பதில் தொடங்கக் கூடாது, கூட்டுவதில் தொடங்க வேண்டும். நீர் மிக மோசமாக இறங்கிய வட்டாரங்களைத் தேர்ந்து, மக்காச்சோளம், பயறு, பருத்தி இவற்றை நெல்லுக்குக் கொடுக்கும் அதே உறுதியோடு, பத்தாண்டுக்குக் குறையாமல் வாங்குவோம் என்று எழுதிக் கொடுத்து, முதல் இரண்டு மூன்று பருவம் சொன்னபடி வாங்கிக் காட்ட வேண்டும். ஹரியானா 2020-இல் நெல்லை விட்டு மாறுவோருக்கு ஏக்கருக்கு 7,000 ரூபாய் தரத் தொடங்கியது. நல்ல தொடக்கம், ஆனால் ஊக்கத்தொகை ஒரு தடவைப் பணம். விவசாயிக்கு வேண்டியது விளைந்த பிறகு வாங்க ஆள். மின்சாரத்திலும் இலவசத்தைப் பிடுங்காமல் செய்ய வழி இருக்கிறது. 2018-இல் பஞ்சாப் சோதித்த ‘பானி பச்சாவோ, பைசே கமாவோ’ (தண்ணீரை மிச்சம் பிடி, பணம் சம்பாதி) திட்டத்தில், விரும்பிச் சேர்ந்த விவசாயி தனக்கு ஒதுக்கப்பட்ட மின்சாரத்தில் மிச்சம் பிடிக்கும் ஒவ்வொரு யூனிட்டுக்கும் 4 ரூபாய் அவர் கணக்குக்கு வரும். அவரிடமிருந்து எதுவும் போகவில்லை. மோட்டாரை நிறுத்தினால் லாபம் என்ற செய்தி முதல்முறையாக அவரிடம் வந்து சேர்கிறது. இது மாநிலம் முழுக்கப் பரவாமல் போனது வருத்தம்தான். செலவு என்று பார்த்தால், மின் மானியத்துக்கும் தேவைக்கு மேல் அரிசியைச் சேமிக்கவும் ஆண்டுதோறும் ஏற்கெனவே பல ஆயிரம் கோடி போய்க்கொண்டுதான் இருக்கிறது.

உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதிக்கு வருகிறேன். நீங்கள் வேறொரு பிரச்சினையை எடுத்துக்கொண்டு இதைச் செய்து பார்க்க நினைத்தால், வட்டமும் அம்பும் முதலில் வேண்டாம். அந்தப் பிரச்சினை முப்பது நாற்பது ஆண்டாக எப்படி ஏறி இறங்கியது என்று ஒரு கோடு வரையுங்கள். அது எந்த ஆண்டில் திரும்பியது, அந்த ஆண்டை ஒட்டி யார் என்ன நல்லது செய்யப் போனார்கள் என்று தேடுங்கள். அப்புறம் சம்பந்தப்பட்ட ஒவ்வொருவரின் நாட்காட்டியையும் வரவு செலவையும் அவர் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுங்கள். ‘இவர் ஏன் இப்படிச் செய்கிறார்’ என்பதற்கு அவரே ஒத்துக்கொள்ளும் பதில் கிடைக்கும்வரை அடுத்தவரிடம் போகாதீர்கள். எது மெதுவாகச் சேர்கிறது, எது மெதுவாக வற்றுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். நம்பிக்கையையும் அதில் சேருங்கள். அம்புகள் அதற்குப் பிறகு தாமாகவே வரும். வரைந்த படத்தை முதலில் காட்ட வேண்டியது அதிகாரியிடம் அல்ல. படத்தில் யாருடைய கட்டத்திலிருந்து எதையாவது எடுக்கச் சொல்கிறதோ, அவரிடம். பஞ்சாபில் அது நெல் விவசாயியும் அரைவை ஆலைக்காரரும் மண்டித் தரகரும். எங்கே தப்பாக வரைந்திருக்கிறீர்கள் என்பதை அவர்கள் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார்கள்.